வீட்டுப் படிப்பா? குலப் படிப்பா?

பள்ளிக்கூடத்தை மூடுவது நம் நாட்டில் எவ்வளவு சுலபமான காரியம் என்பதும், மூடின பள்ளிக்கூடத்தைத் திறப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பதும் 2020, 2021-ஆம் வருஷங்களில் நம் மக்கள் கண்கூடாகக் கண்ட விஷயமாகும். கண்டும் யாரும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. மழைக்காலம் வந்தால் "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா" என்பதே பெரிய ராஜீயப் பிரச்சினையாகிவிடுகின்றது. இல்லை என்று கலெக்டர் உத்திரவு வந்தவுடன், "அதனாலென்ன, வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாமே, அதற்குத்தான் செல்போன் இருக்கின்றதே" என்று நாலெழுத்துப் படித்த கனவான்கள் வெகு தாராளமாய்ச் சொல்லிவிடுகின்றார்கள். இந்த "வீட்டிலிருந்தே" என்கின்ற ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய புரட்டு ஒளிந்துகொண்டிருக்கின்றது என்பதை எடுத்துக் காட்டவே இவ்வாரம் இதை எழுதுகின்றோம்.

வீடு என்றால் யார் வீடு? இந்த ஒரு கேள்விக்கு அவர்கள் யோக்கியமாய்ப் பதில் சொல்லட்டும்; மற்றதை நாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகின்றோம். 2020 மார்ச்சு மாத நடுவில் கொரோனா என்னும் கொள்ளை நோயை முன்னிட்டுப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதை நாம் குற்றமாகச் சொல்ல வரவில்லை. நோய் கிருமியினால் வருவது, கூட்டத்தினால் பரவுவது, ஆதலால் கூட்டத்தைத் தடுக்க வேண்டியது அறிவுடைமையே ஆகும். அந்த மார்ச்சு 22-ந் தேதி தட்டைத் தட்டச் சொன்னதையும், ஏப்ரல் 5-ந் தேதி இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கேற்றச் சொன்னதையும், கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஓர் ஆதீனத்தில் "கொரோனா தேவி" என்று ஒரு சிலையே செய்து வைத்துப் பூசை போட்டதையும் கண்டு சிரித்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம் "நோயாவது மண்ணாவது" என்று சொல்லப் போவதில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்பத்திரி வாசலில் மூச்சுக்காற்றுக்குத் தவித்துச் செத்தவர்களை மறந்துவிட்டும் எழுதவில்லை.

ஆனால் நாம் கேட்பது வேறு. மூடினவர்கள் எதை எப்போது திறந்தார்கள்? அந்த வரிசையைப் பார்த்தால் இந்த நாட்டில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பது தானே விளங்கும்.

7-5-2020-ல் சாராயக் கடை திறக்கப்பட்டது. ஊரடங்கு தொடங்கி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொல்லிற்று. உடனே சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டு வரையில் ஓடி, தடை வாங்கிவந்து, சுமார் ஒரு வாரத்தில் மறுபடியும் திறந்துவிட்டது. 1-9-2020-ல் கோயில், மசூதி, மாதாகோயில் எல்லாம் திறக்கப்பட்டன. 10-11-2020-ல் சினிமாக் கொட்டகைகள் திறக்கப்பட்டன. 2021 ஜனவரி 19-ல் பத்தாவது, பன்னிரண்டாவது வகுப்புப் பிள்ளைகளை மட்டும் அழைத்தார்கள். பிப்ரவரி 8-ல் ஒன்பதும் பதினொன்றும் வந்தன. மார்ச்சில் அதையும் மூடினார்கள். ஆட்சி மாறிற்று. அந்த ஆட்சியிலும் ஜூன் 14-ல் பெரும்பாலான ஜில்லாக்களில் சாராயக் கடை, ஜூலை 5-ல் கோயில், ஆகஸ்டு 23-ல் சினிமா, செப்டம்பர் 1-ல் பெரிய வகுப்புகள். ஒன்று முதல் எட்டாவது வகுப்பு வரை உள்ள சிறு குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு திறந்தது 1-11-2021-ல்தான். பத்தொன்பதரை மாதம்! ஏறக்குறைய 600 நாள்! சாராயக் கடைக்காகச் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடிய கால்கள், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்காக எந்தக் கோர்ட்டுக்கு ஓடின என்று கேட்கின்றோம்.

இதில் கட்சி வித்தியாசம் எதுவும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் போய் ஒருவர் வந்தும் வரிசை மாறவில்லை. சாராயத்தில் வரி வருகின்றது. கோயிலில் உண்டியல் வருகின்றது. சினிமாவில் டிக்கட்டு வருகின்றது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் என்ன வருகின்றது? மூக்கில் சளி வருகின்றது!

டென்மார்க்கு தேசத்தில் 15-4-2020-லேயே பள்ளிக்கூடம் திறந்தார்கள். யாருக்கு? முதல் முதலில் சிறு குழந்தைகளுக்கு. பெரிய பிள்ளைகள் தாங்களே புஸ்தகத்தைப் புரட்டிக்கொள்ளுவார்கள், சிறு குழந்தைக்கு உபாத்தியாயர் கை பிடித்துக் காட்டினாலன்றி எழுத்து வராது என்பது அவர்கள் கணக்கு. நம் நாட்டிலோ தலைகீழ். இங்கே பரீட்சை எழுத வேண்டியவனே மாணாக்கன். பரீட்சை இல்லாதவன் வெறும் குழந்தை, எங்கேயாவது கிடக்கட்டும் என்பது கணக்கு. ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசம் ஏறக்குறைய இரண்டு வருஷம் மூடி வைத்திருந்து 2022 ஜனவரியில்தான் திறந்தது. நாம் டென்மார்க்கைப் போலிருந்தோமா, உகாண்டாவைப் போலிருந்தோமா என்பதை "முன்னேறிய மாகாணம்" என்று மார் தட்டிக்கொள்ளுகின்றவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

நிற்க, வீட்டு விஷயத்திற்கு வருவோம்.

மரக்காணத்து வட்டாரத்தில் பிரம்மதேசம் என்று ஓர் ஊர் இருக்கின்றது. அந்தப் பக்கத்து மக்களில் பலருக்குக் கழனி வேலை; பலருக்கு மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை. உப்பள வேலை எப்படிப்பட்டதென்பது கண்டவர்களுக்குத் தெரியும். பொழுது விடியுமுன் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணைக் குத்தும். உப்புத் தண்ணீர் காலைப் புண்ணாக்கும். பலகை போட்டு உப்பை வாரி, வரப்பில் சேர்த்து, தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். மழைக்காலம் வந்துவிட்டால் அந்த வேலையும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தகப்பனும் தாயும் இருட்டோடு போய்விட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். செல்போன் ஒன்று, அது தகப்பன் சட்டைப் பையில் உப்பளத்தில் இருக்கின்றது, ஏனென்றால் மேஸ்திரி கூப்பிடுவது அதில்தான். அது சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மின்சாரம் இல்லை. மின்சாரம் இருந்தபோது ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது. எல்லாம் இருந்தபோது உபாத்தியாயர் அனுப்பின பாடம் காலை பத்து மணிக்கே வந்து போய்விட்டது. மூன்று பிள்ளைக்கு மூன்று வகுப்பு. முதலில் யார் பார்ப்பது? பெரியவன் ஆண் பிள்ளை, அவன் பார்ப்பான். நடுவிலே பெண், அவள் சோறாக்குவாள், கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொள்ளுவாள். இதற்குப் பெயர் "வீட்டிலிருந்தே படிப்பு"!

கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்பார்கள். இருந்தது, அதை நாம் குறை சொல்லவில்லை. 2019 ஆகஸ்டில், நோய் வருவதற்கு முன்பே அதைத் தொடங்கி வைத்தது கெட்டிக்காரத்தனம் என்றே சொல்லுவோம். ஆனால் பெட்டி பேசும்; கேட்காது. "ஐயா, புரியவில்லை" என்று குழந்தை சொன்னால் அது நிற்காமல் தன் பாட்டுக்கு அடுத்த பாடத்திற்குப் போய்விடும். இந்த விஷயத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் புராணப் பிரசங்கிக்கும் அதிக வித்தியாசம் கிடையாது.

பிரம்மதேசம் என்கின்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்கு அரசன் தானமாகக் கொடுத்த நிலம் என்பதே இப்பெயரின் மூலம். தானம் கொடுத்த அரசர்கள் அதோடு விட்டார்களா? இதே விழுப்புரம் ஜில்லாவில் எண்ணாயிரம் என்ற ஊரில் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. அங்கே ஒரு பெரிய வேதக் கல்லூரி நடந்தது. மாணாக்கர்கள் 340 பேர். ஆசிரியர்கள் 14 பேர். மாணாக்கனுக்கும் ஆசிரியனுக்கும் தினப்படி நெல் அளப்பதற்கு நிலம் விடப்பட்டிருந்தது. பக்கத்தில் புதுச்சேரியைச் சேர்ந்த திருபுவனையில் அதே மாதிரி இன்னொன்று; அங்கே 260 மாணாக்கர், 12 ஆசிரியர்.

இதை ஏன் சொல்லுகின்றோம் என்றால், வேதம் என்பது ஏட்டில்கூட எழுதாமல் வாயாலேயே சொல்லி வாயாலேயே கேட்டு உருப்போடுகின்ற படிப்பு. உலகத்தில் எந்தப் படிப்பையாவது தகப்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மகனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றால் அது இந்தப் படிப்பாகத்தான் இருக்க முடியும். அந்தத் தகப்பன்மார்களுக்கோ படிப்பதைத் தவிர வேறு ஜோலியும் இல்லை. உப்பு வாரப் போக வேண்டியதும் இல்லை. அப்படியிருந்தும் அவர்கள் "வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளுகின்றோம்" என்று சொன்னார்களா? இல்லையே! இடம் கேட்டார்கள், ஆசிரியரைக் கேட்டார்கள், சோறு கேட்டார்கள், வாங்கினார்கள். இருபது, இருபத்தைந்து பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கின்ற கணக்குக்கூட அவர்களுக்கு இருந்திருக்கின்றது. ஆயிரம் வருஷத்திற்கு முன்பு படிப்பின் ருசி தெரிந்தவர்கள், பள்ளிக்கூடமும் ஆசிரியரும் வேளைச் சோறும் சேர்ந்தால்தான் படிப்பு என்று தெரிந்து வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாய் எழுத்து வாசனையே இல்லாமல் வைக்கப்பட்டிருந்தவன் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து மட்டும் "உனக்கு வீடே போதும்" என்று சொல்லுவது என்ன நியாயம்?

இப்படிச் சொல்லப்பட்டது முதல் தடவையும் அல்ல.

1953-ல் சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்த தோழர் ராஜகோபாலாச்சாரியார் ஒரு ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளிக்கூடம். மீதி நேரம் வீட்டில் தாய் தகப்பனுக்கு ஒத்தாசையாயிருந்து அவர்கள் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டியது. காரணம் என்ன சொன்னார்கள்? கட்டடம் போதாது, உபாத்தியாயர் போதாது, பணம் போதாது, ஆதலால் ஒரே பள்ளிக்கூடத்தில் காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று நடத்தினால் அதிகம் பேர் படிக்கலாம் என்றார்கள். கேட்பதற்கு எவ்வளவு அழகாயிருக்கின்றது! ஆனால் அது முதலில் எங்கே அமலுக்கு வந்தது? கிராமத்தில். பட்டணத்துப் பிள்ளைக்கு முழு நேரப் பள்ளிக்கூடம். கிராமத்துப் பிள்ளைக்கு அரை நேரப் பள்ளிக்கூடம், அரை நேர வீடு. வக்கீல் மகன் வீட்டில் சட்டப் புஸ்தகம் இருக்கும். சலவைத் தொழிலாளி மகன் வீட்டில் வெள்ளாவிப் பானை இருக்கும். உப்பளக் கூலி மகனுக்கு உப்புப் பலகை இருக்கும். அவனவன் வீட்டில் அவனவன் கற்றுக்கொண்டால் அவனவன் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவான். இதற்கு மக்கள் இட்ட பெயர்தான் குலக்கல்வி என்பது. நாடே கொந்தளித்தது. 1954-ல் அவர் பதவி விட்டுப் போனார். தோழர் காமராஜர் முதல் மந்திரியாகி அந்த மே மாதத்திலேயே அத்திட்டத்தைக் குப்பையில் போட்டார்.

அன்றைக்கு எதிர்த்தவர்கள் எதை எதிர்த்தார்கள் என்பதை நம்மில் பலரே மறந்துவிட்டோம். ஓர் ஆச்சாரியாரை எதிர்த்ததாகவும், ஒரு கட்சியை எதிர்த்ததாகவும் நினைத்துக்கொள்ளுகின்றோம். எதிர்த்தது வீடு என்பது படிப்புக்குப் போதுமான இடம் என்ற எண்ணத்தையேயாகும். ஏனென்றால் நம் நாட்டில் வீடு வெறும் சுவரும் கூரையும் அல்ல. வீடு இருப்பது ஒரு தெருவில். தெரு இருப்பது ஒரு ஜாதிக்குள். ஊர்த் தெரு, காலனி, குப்பம் என்று முள்வேலி போட்டதுபோல் பிரித்து வைத்திருக்கின்ற இடத்தில், பிள்ளையைத் தெருவை விட்டு வெளியே அழைத்துவந்து மற்றொரு தெருப் பிள்ளையோடு ஒரே பெஞ்சியில் உட்கார வைத்து, ஒரே பானையில் ஆக்கிய சோற்றைப் போடுகின்ற ஸ்தாபனம் நம் கிராமத்தில் எது? கோயிலா? கோயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டீக்கடையா? இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளை நமக்குத் தெரியும். பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதிலும் எத்தனையோ அக்கிரமங்கள் நடக்கின்றன என்பதை நாம் அறியாமலில்லை. ஆனாலும் அது ஒன்றுதான். அதை மூடி 600 நாள் குழந்தைகளை அவரவர் தெருவுக்குள்ளேயே அடைத்து வைத்தால் அது 1953-ஐ விட மேலா, மோசமா? அப்போதாவது மூன்று மணி நேரம் மிச்சம் இருந்தது.

கொள்ளை நோய்க் காலத்தில் யாரும் குலக்கல்வி என்று உத்திரவு போடவில்லை என்பது வாஸ்தவம். உத்திரவு எதற்கு? கதவை மூடினால் போதுமே! தகப்பன் தொழிலுக்குப் பிள்ளை தானாகப் போய்ச் சேருகின்றான். பதிநான்கு வயதுப் பையன் "சும்மாதானே இருக்கின்றாய், வா" என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்க் கூலி வாங்கிப் பழகிவிட்டால், பள்ளிக்கூட மணி அடித்தவுடன் திரும்பி வந்துவிடுவானா? பதினாறு வயதுப் பெண்ணைச் செலவில்லாமல் கட்டிக் கொடுத்துவிட இதுவே நல்ல சமயம் என்று நினைத்த பெற்றோரும் இருந்தார்கள். கல்யாணத்திற்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்பது அன்றைய சட்டமல்லவா? கடன் மிச்சம் என்று பார்த்தார்கள். பெண் போனது யார் கண்ணுக்கும் படவில்லை.

சர்க்கார் செய்த நல்ல காரியத்தை மறைக்க வேண்டியதில்லை. சத்துணவு நின்றுபோன இடத்தில் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் போட்ட சோறு அந்தக் குழந்தையின் தட்டில் விழும். வீட்டுக்குக் கொடுத்த அரிசி குடும்பப் பானையில் விழும். 1920-ல் சென்னை நகரசபைப் பள்ளிக்கூடத்தில் நீதிக்கட்சித் தலைவர் தோழர் தியாகராயர் காலத்தில் பகல் சோறு தொடங்கினதும், காமராஜர் அதை நாடெங்கும் பரப்பினதும், 1982-ல் எம்.ஜி. இராமச்சந்திரன் சத்துணவாக்கினதும், 2022 முதல் காலைச் சோறும் சேர்ந்ததும் பிச்சை போடுவதற்காக அல்ல. சோறு இருக்கும் இடத்துக்குப் பிள்ளை வரும்; வந்த பிள்ளை படிக்கும் என்பதற்காகத்தான்.

நாம் வாயால் சொல்லுவதை நம்ப வேண்டாம், கணக்கைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் தோழர் ஜான் திரேஸ் முதலியவர்கள் பதினைந்து மாகாண, யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் சுமார் 1,400 பேரை விசாரித்தார்கள். கிராமத்தில் செல்போன் வழியாய் ஒழுங்காய்ப் படித்துக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். எதையுமே படிக்காதவர்கள் நூற்றுக்கு 37 பேர். இன்னொரு கணக்கையும் பாருங்கள். கிராமத்துத் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளில் அவ்வாறு ஒழுங்காய்ப் படித்தவர் நூற்றுக்கு 4. மற்ற ஜாதிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 15. செல்போனுக்கு ஜாதி தெரியாது என்று சொன்ன புத்திசாலிகள் இந்த நாலையும் பதினைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்கட்டும். செல்போனுக்குத் தெரியாது; அது யார் கைக்கு வருகின்றது என்பதற்குத் தெரியும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே ஏறக்குறைய 19,000 குழந்தைகளைப் பரீட்சித்த ஓர் ஆராய்ச்சியும் இருக்கின்றது. கார்த்திக் முரளீதரன் முதலிய மூவர் செய்தது. 2019-ல் அதே வயதுப் பிள்ளைகளுக்கு இருந்த அறிவோடு ஒப்பிட்டால் 2021 டிசம்பரில் பிள்ளைகள் வெகுவாய்ப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் ஏற்பட்ட பள்ளம் தமிழில் ஏற்பட்டதைப் போல் சுமார் இரண்டு மடங்கு. இது இயற்கைதான். தமிழ் வீட்டிலும் காதில் விழும். பின்னக் கணக்கு எந்த வீட்டு அடுப்படியில் விழுகின்றது? ஆனால் அந்த ஆராய்ச்சியில் நமக்கு உற்சாகம் தரும் சங்கதியும் இருக்கின்றது. பள்ளிக்கூடம் திறந்து ஆறு மாதத்திற்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துபோயிற்று. யார் தூர்த்தது? கதவு திறந்ததும் உபாத்தியாயரும் பிள்ளையும் நேருக்கு நேர் உட்கார்ந்ததுமே. மீண்டு வந்ததில் ஏறக்குறைய கால் பங்குக்குக் காரணம் "இல்லம் தேடிக் கல்வி" என்கின்றது அவ்வாராய்ச்சி.

இந்த "இல்லம் தேடிக் கல்வி" 27-10-2021-ல் முதல் மந்திரி தோழர் மு.க. ஸ்டாலின் அவர்களால் தொடங்கப்பட்ட இடம், நாம் மேலே சொன்ன அதே மரக்காணத்துப் பக்கத்து முதலியார்குப்பம். கோட்டையில் தொடங்காமல் உப்பளக் கரையில் தொடங்கினார்களே, அதுவே ஒரு நல்ல அடையாளம். ஒன்று முதல் எட்டாவது வகுப்புப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைக்கு ஒருவராக, உள்ளூரில் படித்தவர்கள் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியது என்பது ஏற்பாடு. ஆறு மாதத்திற்கென்று தொடங்கிப் பிறகு நீட்டினார்கள். லட்சக்கணக்கில் தொண்டர்கள் வந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஒரு காலத்தில் எழுத்துக் கற்றால் தாலி நிற்காது என்று பயமுறுத்தப்பட்ட பெண் இனம் அந்தி நேரத்தில் தெருவில் இருபது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்த காட்சியைச் சாதாரணமானதென்று சொல்ல மாட்டோம்.

இதை எதிர்த்தவர்களும் உண்டு. தொண்டர் என்ற பெயரில் மதவெறிக் கூட்டத்தார் குழந்தைகளிடம் நுழைந்துவிடுவார்கள் என்று இயக்கத் தோழர்களிலேயே சிலர் பயந்தார்கள். பயம் நியாயமானதே. ஆனால் திருடன் வருவான் என்று விளக்கேற்றாமல் இருப்பார்களா? நாமே போய் உட்கார்ந்துகொண்டால் திருடனுக்கு இடம் ஏது? அந்த விஷயத்தில் பேசினவர்கள் அதிகம், போய் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் என்பதை நம்மவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லித்தான் தீர வேண்டியிருக்கின்றது.

நமக்கிருக்கும் கவலைகள் வேறு. அத்தொண்டருக்கு மாதம் 1,000 ரூபாய். நாள் கணக்குப் போட்டால் நாற்பது ரூபாய்கூட ஆகவில்லை. உப்பளத்தில் ஒரு நாள் கூலி அதைவிட எத்தனையோ மடங்கு. பெண்கள்தானே, வீட்டில் சும்மா இருக்கின்றவர்கள்தானே என்ற நினைப்பிலேதான் இந்தக் கூலி நிர்ணயிக்கப்பட்டதென்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பத்தாயிரம் உபாத்தியாயர் நியமிக்க வேண்டிய இடத்தில் லட்சம் தொண்டர்களைக் காட்டிக் கணக்கு முடித்துவிட்டால், 1953-ல் "உபாத்தியாயர் போதாது" என்று சொன்ன சாக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? காயத்துக்குக் கட்டுப் போட்டதைப் புகழுகின்றோம். கட்டையே காலாக வைத்துக்கொள்ளச் சொன்னால் ஒப்ப மாட்டோம்.

இன்னொன்று, இல்லம் தேடி வந்த கல்வி எந்த இல்லத்தில் உட்கார்ந்தது? ஊர்த் தெருத் திண்ணையில் உட்கார்ந்தால் காலனிப் பிள்ளை ஏறி உட்கார விட்டார்களா? கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தால் எல்லாப் பிள்ளையும் உள்ளே போக முடிந்ததா? அல்லது ஊருக்கொரு வகுப்பு, காலனிக்கொரு வகுப்பு என்று சௌகரியமாய்ப் பிரித்துக்கொண்டார்களா? பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துத் திண்ணை யார் வீட்டுத் திண்ணையாயிருந்தது என்பதை நம் பாட்டன்மார் நமக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கின்றார்கள். ஆகவே இம்மாதிரி ஏற்பாடு எதுவாயினும் பள்ளிக்கூடக் கட்டடத்தில்தான் நடக்க வேண்டும், அது எந்த ஜாதிக்கும் சொந்தமில்லாத இடமாயிருப்பதால், என்பதே நமது அபிப்பிராயம்.

"எல்லோரும் தேர்ச்சி" என்ற வேடிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜூன் 9-ல் பத்தாவது வகுப்புப் பரீட்சை ரத்து செய்யப்பட்டு ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே மூச்சில் தேறினார்கள். 2021-ல் பன்னிரண்டாவதற்கும் அப்படியே. பரீட்சையை நிறுத்தினதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளைகளைக் கொல்லுவதற்கு நாம் சொல்ல மாட்டோம். ஆனால் புரோகிதன் நாலு மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்தால் பாவம் போய்விட்டதென்று நினைக்கின்ற மக்கள், மந்திரி தேர்ச்சி என்று சொன்னவுடன் படிப்பு வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டார்களே, அதுதான் வெட்கம். சீட்டு வந்தது, படிப்பு வரவில்லை. பணக்காரன் வீட்டில் அந்த நேரத்தில் தனி வாத்தியாரை வைத்துப் பாடம் நடத்தினார்கள்; அவன் பிள்ளைக்குச் சீட்டும் வந்தது, படிப்பும் வந்தது. பிற்பாடு இருவரும் ஒரே போட்டிப் பரீட்சையில் உட்கார்ந்தபோது தகுதி, திறமை என்று கூச்சலிடுவதற்கு ஆள்கள் தயாராயிருந்தார்கள்.

கொள்ளை நோய் போய்விட்டது; மழையும் புயலும் போகவில்லை. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மரக்காணத்து உப்பளம் எது, கழுவேலி எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. விழுப்புரம் ஜில்லாவில் பள்ளிக்கூடங்கள் பல நாள் மூடப்பட்டன; மூடத்தான் வேண்டும், வெள்ளத்தில் குழந்தையை அனுப்பச் சொல்லுகின்றவன் மனிதனல்ல. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும், வீடிழந்தவர்களைத் தங்கவைக்கப் பள்ளிக்கூடமே சத்திரமாகி நிற்கின்ற வழக்கம் ஏன்? ஊரில் கல்யாண மண்டபம் இருக்கின்றது. கோயில் மண்டபம் இருக்கின்றது. கடலோரத்தில் சுனாமிக்குப் பிறகு கட்டின புயல் காப்பகங்களும் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தைக் கேட்டால் முதலாளிக்கு நஷ்டம். கோயிலைக் கேட்டால் சாமிக்குத் தீட்டு. பள்ளிக்கூடத்தைக் கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, தீட்டுமில்லை! குழந்தைக்கு ஏற்படுகின்ற நஷ்டம் நஷ்டக் கணக்கில் சேரவில்லை என்பதுதானே இதன் அர்த்தம்?

சட்டம் இல்லாமலில்லை. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாவது வரை வருஷத்துக்கு 200 நாளும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் பள்ளிக்கூடம் நடந்தாக வேண்டும். விடுமுறை விடுகின்ற கலெக்டர் அதே காகிதத்தில் அந்த நாளுக்கு ஈடான நாள் எது என்பதையும் எழுதட்டும். சனிக்கிழமை வைத்தாலும் சரி, அன்றைக்கும் சோறு போடட்டும். சோறில்லாத சனிக்கிழமையில் பாதிப் பிள்ளை வராது. எதிர்காலத்தில் மறுபடியும் ஒரு கொள்ளை நோய் வந்து மூடித்தான் ஆக வேண்டுமென்றால் கடைசியில் மூட வேண்டியதும் முதலில் திறக்க வேண்டியதும் ஆரம்பப் பள்ளிக்கூடமே என்று இப்போதே, நோய் இல்லாத காலத்திலேயே, சட்டசபையில் எழுதி வைக்கட்டும். நோய் வந்த பிறகு யாருக்கும் குழந்தை ஞாபகம் வராது என்பதைத்தான் பார்த்துவிட்டோமே.

தோழர்களே! ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கூடத்திலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கின்றது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மையோர். தலைவியாயிருக்க வேண்டியவரும் ஒரு தாயார்தான். அக்குழு கூடுகின்ற நாளில் உப்பளத்துக்குப் போகின்றவர்கள் அரை நாள் கூலி போனாலும் போகட்டுமென்று போய் உட்காருங்கள். போன மழைக்காலத்தில் மூடின நாள் எத்தனை, அதற்கு ஈடாய் நடந்த நாள் எத்தனை என்ற இரண்டே கணக்கைக் கேளுங்கள். தலைமை உபாத்தியாயர் எதிரி அல்ல, மரியாதையாய்க் கேளுங்கள். ஆனால் பதிலை மினிட்டு புஸ்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.